இருமல் இல்லாத வீடு

டாக்டர் செண்பகலட்சுமி முப்பது வருடம் சுவாசக்குழாய் நரம்புகளோடு மல்லுக்கட்டி, ஒருவழியாக இருமலை ஒழித்துவிட்டாள். மூக்கில் இரண்டு சொட்டு விட்டால் போதும், ஆயுசுக்கும் இருமல் வராது. வேண்டுமென்றே முக்கினாலும் வராது. நாடே போட்டுக்கொண்டது. முதல் சொட்டு அவள் மூக்கில்தான்.

அதில் இருந்த வில்லங்கம், மகனுக்குப் பெண் பார்க்கப் பொள்ளாச்சி போன அன்றுதான் தெரிந்தது.

வாழைப்பூ வடை வந்தது. வடையைக் கண்டால் அவள் கணவர் நாச்சிமுத்துவுக்கு வாய் நிற்காது. இத்தனை வருடமும் அவர் எல்லை தாண்டும்போதெல்லாம் அவள் லேசாக இருமுவாள், அவர் கப்பென்று அடங்கிவிடுவார்.

"பையன் தங்கமானவனுங்க," என்று தொடங்கினார் நாச்சிமுத்து. "என்ன, மூணு வேலைய அவனா விட்டுட்டான். நாலாவதுல அவங்களே அனுப்பிட்டாங்க."

செண்பகலட்சுமி தொண்டையை இறுக்கிப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

"அதனாலென்னங்க!" என்று உற்சாகமானார் பெண்ணின் அப்பா. "எங்க பொண்ணு ஜாதகத்துல நாங்களும் மூணு வயசு கொறச்சுத்தான் போட்டோம்."

எதிரே பெண்ணின் அம்மா சரளாதேவி நெஞ்சில் கைவைத்தபடி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆண்கள் அதற்குள் தோளில் கைபோட்டு அடுத்த ரகசியத்துக்குப் போயிருந்தார்கள்.

சரளாதேவி மெல்ல நகர்ந்து வந்து காதோரம் கேட்டாள்: "ஏனுங்க டாக்டரம்மா, இதுக்கு மாத்து மருந்து எப்பங்க வரும்?"

"நாளைக்குக் காலையிலயே லேபுக்குப் போறேனுங்க, சம்பந்தி!"