ஒரு சோடி கூட

எங்கள் மாதா கோயிலில் மணியடிப்பவன் நான். மார்கழியில் சுனாமி ஒத்திகைக்கும் நான்தான் அடிப்பேன். ஒத்திகைக்கு மூன்று தரம், உண்மையாகவே கடல் வந்தால் விடாமல். கரைச்சனம் ஓடி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறும். சனம் ஓரிடத்தில் நிற்காது என்பதால் செருப்புச் சோடிகளைத்தான் எண்ணுவோம்.

ஒவ்வொரு முறையும் பெயர்ப் பட்டியலைவிட ஒரு சோடி கூட இருக்கும். அது மட்டும் நனைந்திருக்கும். எல்லோரும் போனபிறகு அதைக் காணக் கிடைக்காது. முதல் வருஷம் அது என் உள்ளங்கைக்குள் அடங்கியது. பிறகு வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டு வந்தது.

மூன்று வயது மகனைக் கடலில் பறிகொடுத்தவள் மெற்றில்டா. போன மார்கழியில் தன் காலை அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"என்னைவிட வளந்திட்டான், யூட் அண்ணை."

"ஓம் பிள்ளை," என்றேன்.

இன்றைக்கு ஒத்திகை இல்லை. ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. கடல் குளம்போலக் கிடக்கிறது. கோயில் கூட்ட வந்தேன். வாசலில் அந்த ஒரு சோடி மட்டும் நிற்கிறது, தண்ணீர் வடிய வடிய.

மூன்று தரம் அடித்துவிட்டேன். கயிற்றை இன்னும் விடவில்லை.