சத்தமில்லாத மெஷின்

கடிகார மெக்கானிக், பாகங்களைக் கழுவும் மெஷின் வாங்கப் போயிருந்தார். கடையில் முதலில் காட்டியது கடகடவென்று அதிர்ந்தது.

"பழகிட்டா தூக்கமே வரும், ஐயா."

"எனக்கு வரும். பக்கத்து ரூம்ல தலைவலியோட படுத்திருக்கிற என் வீட்டுக்காரிக்கு வரணுமே!"

இன்னொன்று ஒலி அலையால் அழுக்கை உதிர்ப்பது. சின்னஞ்சிறு பல்சக்கரங்கள் அதிலிருந்து பளிச்சென்று வந்தன.

"அட, சத்தமே இல்லையே!"

விற்பவர் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, "ஆமாங்க" என்று பில் போட்டார்.

இரண்டு வருஷம் தினமும் ஓட்டினார். "தொந்தரவா இருக்காம்மா?" என்று எட்டிப் பார்த்துக் கேட்பார்.

"இல்லைங்க. நீங்க ஆசையா வாங்கினது, ஓட்டுங்க" என்பாள் மனைவி, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு. அவளுக்கு இந்த ஒரு நல்லதாவது செய்ய வைத்தாயே என்று கடவுளுக்கு நன்றி சொல்வார்.

அவள் இறந்தபின் தொழிலை விட்டார். மெஷினை வாங்க வந்த வேறொரு மெக்கானிக்குக்கு ஓட்டிக் காட்டினார்.

"ஐயோ, நிறுத்துங்க!" வந்தவர் காதைப் பொத்திக்கொண்டார். "ஊசி குத்துற மாதிரி கீச்சுங்குதே! கேட்கலையா?"

"நீங்க பேசறது நல்லாவே கேட்குதே, தம்பி."

"வயசானா சிலபேருக்கு இந்தக் கீச்சு மட்டும் காதுல ஏறாது, ஐயா. வீட்ல யாரும் சொல்லலையா?"

காலிக் கட்டிலைப் பார்த்தார்.

"ஒருநாள்கூடச் சொல்லல தம்பி."