நீர்யானைக்கு ஒரு வேலை

"இந்தத் தடவையும் பசங்க சிரிக்கலைன்னா, தயவுசெஞ்சு வேற பதிப்பகத்துல கொடுத்துப் பாருங்க சார். எனக்கும் வயசாகுதுல்ல?"

எடிட்டர் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். கையெழுத்துப் பிரதியை மார்போடு அணைத்துக்கொண்டு எழுத்தாளர் பின்னால் போனார்.

அந்தப் பதிப்பகத்தில் சிறுவர் நகைச்சுவை நாவலுக்கு ஒரு வினோதமான பரீட்சை உண்டு. பக்கத்துப் பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வந்து உட்கார வைப்பார்கள். எழுத்தாளரே கதையைப் படிக்க வேண்டும். எடிட்டர் அவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சிரித்தால் புத்தகம், இல்லையென்றால் வீட்டுக்கு. நம்மவர் ஏற்கெனவே இரண்டு முறை வீட்டுக்குப் போனவர். அதில் ஒரு முறை ஒரு குழந்தை அழுதே விட்டது.

வாசலில் செல்போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, உள்ள போயாச்சா?"

"போய்ட்டே இருக்கேன்."

"எங்கண்ணன்கிட்ட பேசிட்டேன். இது சரிப்பட்டு வரலைன்னா திங்கக்கிழமையிலேருந்து பெயின்ட் கடை. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்மா."

மாற மாட்டேன் என்றாரே தவிர, மனம் அப்போதே பெயின்ட் கடைக்குப் போய்விட்டது. மச்சான் பெயின்ட் டப்பாவைத் தூக்கச் சொல்வதில்கூட அவருக்கு வருத்தமில்லை. 'வாங்க எழுத்தாளரே' என்று கூப்பிட்டுவிட்டுத் தூக்கச் சொல்வாரே, அதைத்தான் அவரால் தாங்க முடியாது.

அறையில் இருபது, இருபத்தைந்து வாண்டுகள் தரையில் உட்கார்ந்திருந்தன. எழுத்தாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

ஒரு நீர்யானைக்குட்டிக்குத் தனக்கு என்ன வேலை வரும் என்றே தெரியவில்லை. முடிவெட்டப் போகிறது, வந்தவரின் புருவம் போய்விடுகிறது. கைக்கடிகாரம் ரிப்பேர் செய்ய உட்கார்கிறது, கடிகாரத்தின் மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. இவ்வளவும் படித்தாகிவிட்டது. ஒரு பிள்ளைகூடப் பல்லைக் காட்டவில்லை. எழுத்தாளருக்குச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

அடுத்த பக்கம், ஆற்றங்கரை வர்ணனை. வேகமாகத் தாண்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே, "காலை வெயிலில் நதி அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது" என்று படித்தார்.

முன் வரிசையில் ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி 'களுக்' என்றாள். பக்கத்துப் பையன் வாயைப் பொத்திக்கொண்டான். மூன்றாவது வரியில் மொத்த அறையும் கொல்லென்று சிரித்தது.

எழுத்தாளருக்கு ஒன்றும் புரியவில்லை. நதி அமைதியாக ஓடினால் என்ன சிரிப்பு? ஆனால் மேலே படிக்கப் படிக்கச் சிரிப்பு விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. தாய் நீர்யானை கவலைப்படும் இடத்தில் சிரித்தார்கள். முதலைத் தாத்தா செத்துப்போகும் இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நகைச்சுவை நம் ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது, நமக்குத்தான் இத்தனை நாள் தெரியவில்லை என்று அவர் முடிவுக்கு வந்துவிட்டார். குரல் தானாகக் கம்பீரமானது.

கடைசி அத்தியாயத்தில் நீர்யானைக்குட்டி எல்லாரையும் முதுகில் ஏற்றி ஆற்றைக் கடக்க வைக்கிறது. 'நான் எதற்காகப் பிறந்தேன் என்று தெரிந்துவிட்டது' என்று அது சொல்லும்போது தடாலென்று ஒரு சத்தம். எவனோ சிரித்த சிரிப்பில் எதையோ கவிழ்த்துவிட்டான் போலிருக்கிறது என்று எழுத்தாளர் பூரித்துப்போனார். பிள்ளைகள் தரையில் உருண்டு புரண்டார்கள்.

"போதும் சார், போதும்!" பின்னாலிருந்து எடிட்டர் கைதட்டிக்கொண்டே முன்னால் வந்தார். கண் சிவந்திருந்தது. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்த எடிட்டரை எழுத்தாளர் அன்றுதான் பார்த்தார்.

"பிரமாதம்! பசங்க இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. அடுத்த மாசமே அச்சுக்கு அனுப்பிடலாம்."

"திருத்தம் ஏதாவது…?" எழுத்தாளர் பயந்துகொண்டே கேட்டார். சிவப்புப் பேனாவை எடுத்தால் பாதிக் கதையைக் கூறு போட்டுவிடுவார் என்று பெயரெடுத்தவர் அந்த எடிட்டர்.

"ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம்."

"உங்களுக்கு எந்த இடம் ரொம்பப் பிடிச்சுது சார்?"

"எந்த இடம்னு தனியாச் சொல்றது? மொத்தமும்தான்!" எடிட்டர் அவசரமாக அறையை விட்டு வெளியேறினார்.

எழுத்தாளருக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே போனைப் போட்டார்.

"உங்கண்ணன்கிட்ட சொல்லிடு, வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லு. ஆமா, எடுத்துக்கிட்டாங்க! இவ்வளவு வருஷமாச் சோகக் கவிதை, துப்பறியும் கதைன்னு எங்கெங்கயோ முட்டிக்கிட்டேன். எனக்கு என்ன வரும்னு இன்னைக்குத்தாண்டி தெரிஞ்சுது!"

மறுமுனையில் மனைவி அழுதேவிட்டாள். அவருக்கும் கண் கலங்கியது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ரெட்டைச் சடை நின்றுகொண்டிருந்தாள். எழுத்தாளர் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டினார்.

"சொல்லு செல்லம், நீர்யானை செஞ்சதுல எதுக்கு உனக்கு ரொம்பச் சிரிப்பு வந்துது?"

"எந்த நீர்யானை, அங்கிள்?" என்று விழித்தவள், உடனே ஆசையாக அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுத் தம்பிப் பாப்பா தூங்கவே மாட்டேங்கிறான், வந்து அவனுக்குக் கொஞ்சம் படிச்சுக் காட்டுறீங்களா? உங்க பின்னாடி இருந்த அங்கிள் நீங்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே வாயைப் பொளந்து தூங்கித் தூங்கிச் சாய்ஞ்சு, கடைசியில நாற்காலியோட விழுந்தாரே, அந்த மாதிரி இவனும் நல்லாத் தூங்கிடுவான்!"