தண்டவாளத்தில் ஏலக்காய்

பத்து மணி வெயிலில் குரங்கணி மலை நீலமாகத் தெரிகிறது. ரயில்வே கேட்டை இறக்கிப் பூட்டிவிட்டு, கேட் கீப்பர் பொற்கொடி பச்சைக் கொடியோடு அறை வாசலில் நிற்கிறாள். பன்னிரண்டு வருசம் ரயிலே ஓடாமல் கிடந்து, இப்போதுதான் மறுபடி ஓடத் தொடங்கிய பாதை இது. ஊர்க்காரர்களுக்கு இன்னும் இது வெறும் இரும்புதான். தேனிப் பக்கம் ரயில் கூவும்போதே, சிலமலை மொக்கச்சாமி தோளில் ஏலக்காய் மூட்டையோடு கேட்டுக்கு அடியில் குனிந்து நுழைகிறார். கம்பியில் மாட்டி மூட்டை கிழிகிறது. பச்சைக் காய்கள் தண்டவாளமெங்கும் சிதறுகின்றன. அவர் அங்கேயே குத்தவைத்து இரு கையாலும் அள்ளுகிறார். “அண்ணே, விட்டுட்டு வாங்கண்ணே.” “இருத்தா, ஒரு வருசப் பாடு இது.” இனிச் சிவப்புக் கொடி காட்டினாலும் இந்த வேகத்துக்கு வண்டி நிற்காது. பொற்கொடி கொடியை எறிந்துவிட்டு ஓடி, அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்கிறாள். இருவரும் சரளைக்கல்லில் விழ, இரைச்சலும் காற்றும் முகத்தில் அறைந்துகொண்டு போகின்றன. கடைசிப் பெட்டியும் கடந்த பின், நசுங்கிய ஏலக்காயின் மணம் அந்த இடத்தையே தூக்குகிறது. மொக்கச்சாமி காய்களை அள்ளி மூடிய தன் கையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கேட்டுக்கு வெளியே காத்து நிற்கும் வண்டி வரிசையின் கடைசியில், நடந்தது எதுவும் தெரியாத ஜீப்பு டிரைவர் ஆரன் அடிக்கிறான். “அக்கா, வெரசா கேட்டத் தூக்குங்க. தோட்டத்துக்கு நேரமாச்சு.” “இந்தா வர்றேன்” என்கிறாள் பொற்கொடி. ஆனால் காலரைப் பிடித்த விரல்களை அவளால் இன்னும் பிரிக்க முடியவில்லை.