இரண்டு ஆட்டச் சலுகை

குயிலாப்பாளையம் விடுதியில் பில்லியர்ட்ஸ் லீக். மரக்காணத்து உப்பள முதலாளி பலராமன் தன் முதல் மேட்ச்சைப் பார்க்க உறவினர்களை வேனில் அழைத்து வந்திருந்தார். எதிராளி ஆஷ்லின், ஸ்கூல் டீச்சர்.

"நாலு கேம் ஜெயிக்கணும். ஆட்டம் சுமாரா இருக்கறவங்களுக்கு மட்டும் ரெண்டு போதும்" என்றார் லீக்கை நடத்தும் செல்வநாதன்.

பலராமன் ஏளனமாகச் சிரித்தார்.

"ஆடத் தெரியாதவங்களுக்குச் சலுகை குடுக்க இது என்ன ரேஷன் கடையா? தூக்குங்க அந்த ரூலை."

"சார், அது யாருக்குன்னா..."

"எனக்குத் தெரியாதா? பொம்பளைன்னு பாவம் பாக்காதீங்க. சமமா ஆட தைரியம் இருக்கான்னு கேளுங்க."

"எனக்குச் சம்மதங்க" என்றாள் ஆஷ்லின்.

முதல் இரண்டு ஆட்டங்களையும் பலராமன் வென்றார். உறவினர்கள் விசிலடித்தார்கள். அதன்பிறகு ஆஷ்லின் அவரைத் தலையெடுக்கவே விடவில்லை. வரிசையாக நான்கு ஆட்டங்களை வென்று, எட்டாம் நம்பர் கறுப்புப் பந்தைக் குழியில் தள்ளி மேட்ச்சை முடித்தாள்.

பலராமன் உறவினர்கள் பக்கம் திரும்பினார்.

"தோத்தாலும் ஆறு கேம் வரைக்கும் இழுத்தேன். சலுகை இருந்திருந்தா இந்தம்மா ரெண்டாவது கேம் ஜெயிச்சதுமே மேட்ச் முடிஞ்சிருக்கும்."

"முதல் ரெண்டு கேம்லயே முடிஞ்சிருக்குங்க, நீங்க ஜெயிச்சிருப்பீங்க" என்றார் செல்வநாதன். "அந்தச் சலுகை உங்களுக்குப் போட்டதுதான்."