சுவரில் இருப்பவள்

கண்ணுக்குள் ஒரு புள்ளி வெள்ளை வைத்தால் முகம் முடிந்துவிடும்.

சாரத்தின் மேல், மூன்றாவது மாடி உயரத்தில் நின்றுகொண்டு அவள் அந்தப் புள்ளியைத்தான் வைக்கப் போனாள். கீழேயிருந்து யாரோ "மேடம், மேடம்" என்று கூப்பிட்டார்கள்.

தேசம்மா.

சுவரில் நாற்பதடி உயரத்துக்கு நிற்பவளும் அதே தேசம்மாதான். தலையில் தொப்பி, கையில் துடைப்பம், உதட்டோரம் ஒரு சிரிப்பு. இருபது வருடமாகக் குப்பை வண்டியோடு தெருத்தெருவாக நடக்கிறவள்.

பதினோரு நாள் வேலை. நாளைக் காலை திறப்பு விழா.

அவள் இறங்கி வந்தாள். தேசம்மா சந்தோஷத்தில் ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தாள். தங்கள் முகத்தைச் சுவரில் பார்த்து அழுதவர்கள் உண்டு. கட்டிக்கொண்டவர்களும் உண்டு.

தேசம்மா சுவரின் பக்கம் திரும்பவே இல்லை.

"என் மூஞ்சிய அழிச்சிடுங்க மேடம். வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வர்றாங்க. ஆவடிலேர்ந்து ரயில்லதான் வருவாங்க. நான் ஆஸ்பத்திரில ஆயா வேல செய்றேன்னு சொல்லி வச்சிருக்கோம்."

சுவருக்கு எதிரே தண்டவாளம். ரயிலில் போகிறவர்கள் பார்க்க வேண்டும் என்றே தேடிப் பிடித்த சுவர்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தாள். ஒவ்வொரு வரியாகப் படித்தும் காட்டியிருந்தாள். போட்டோவைப் பார்த்துச் சுவரில் வரைவோம் என்பது அதில் இருந்தது. எவ்வளவு பெரிதாக என்பது இல்லை. பள்ளிக்கூடச் சுவரில் வரைகிற மாதிரி ஆள் உயரத்துக்கு இருக்கும் என்று தேசம்மா நினைத்திருக்கிறாள்.

வரைந்தவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். மறைப்பதற்கில்லை. பதினோரு நாள் வெயில் என்றுதான் மனம் கணக்குப் போட்டது.

அப்புறம் சொல்வதற்கு வாய்நிறைய இருந்தது. உழைப்பில் என்ன கேவலம், வெட்கப்பட வேண்டியவர்கள் நீங்களா என்றெல்லாம். ஐந்து வருடமாகக் கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசிப் பேசி, தூக்கத்தில் எழுப்பினாலும் வருகிற பேச்சு.

பெண்ணுக்கு இருபத்தேழு வயது, இதற்கு முன் மூன்று இடம் கூடிவந்து கலைந்துபோனது என்று தேசம்மா சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு ஒரு வார்த்தைகூட வரவில்லை.

அழித்துவிடுகிறேன் என்றாள்.

தேசம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

யாரோ ஒருத்தியின் முகத்தைக் கற்பனையாகப் போட்டுவிடலாம் என்றான் லாரன்ஸ். இந்தச் சுவர்களை வரையும் தொண்டு நிறுவனத்தில் அவளுக்கு உதவியாக இருப்பவன். அவள் கேட்கவில்லை. நிறுவனத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவள் போடுகிற சண்டையே அதற்குத்தான். கற்பனை முகம் கூடாது. ஊருக்குள் நடமாடுகிற மனுஷியின் முகம் வேண்டும்.

தேசம்மாவோடு வேலை செய்யும் பெண்களைக் கேட்டுப் பார்த்தார்கள். விஷயம் அதற்குள் பரவிவிட்டது. ஒருத்தியும் சரி என்று சொல்லவில்லை.

"அப்ப என் மூஞ்சியையே போடுறேன்" என்றாள் லாரன்ஸிடம். "எனக்கென்ன வெக்கம்?"

வீம்பில் வந்த வார்த்தைதான். ஆனால் சொன்னதும் மனசு லேசானது. இத்தனை நாள் மேடையில் பேசியதைச் செய்து காட்டப்போகிறோம் என்று தோன்றியது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

செல்போனில் தன் முகத்தைப் படமெடுத்து, அளவு பார்த்து வரைவதற்காக அதன்மேல் கட்டம் போட்டுக்கொண்டு சாரத்தில் ஏறினாள்.

தொப்பியிலும் துடைப்பத்திலும் கை வைக்கவில்லை. முகம் மட்டும் மாறியது.

மூன்று மணிக்குள் நெற்றியும் கன்னங்களும் வந்துவிட்டன.

நான்கு மணிக்கு மூக்கு வந்தது. அவளுடைய அப்பாவின் மூக்கு. நுனியில் சற்றே மடங்கிய மூக்கு. கல்யாண வீட்டுக் கூட்டத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட அதை வைத்தே நீ இன்னார் மகள்தானே என்று கேட்பார்கள்.

ஒரு ரயில் போனது.

ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள். துடைப்பம் பிடித்த பெண்ணைப் பார்த்தார்கள்.

பெரம்பூரில் அவளுடைய சித்தி இருக்கிறாள். தினமும் இந்த ரயிலில்தான் வேலைக்குப் போய்வருகிறாள்.

அவள் தூரிகையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

பிறகு மூக்கைக் கொஞ்சம் நேராக்கினாள். இவ்வளவு பெரிய சுவருக்கு நேரான மூக்குதான் எடுப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

தாடையைச் சற்று அகலமாக்கினாள்.

நெருக்கமாக இருந்த புருவங்களை விலக்கினாள்.

டப்பாவில் இன்னும் கொஞ்சம் பழுப்பைக் கலந்து, முகம் முழுக்க ஒரு பூச்சு கொடுத்தாள். அதற்குக் காரணம் எதுவும் அவள் யோசிக்கவில்லை.

வெளிச்சம் இறங்குவதற்குள் முடிந்துவிட்டது.

லாரன்ஸ் தண்டவாள வேலி வரைக்கும் பின்னால் நடந்துபோய் அண்ணாந்து பார்த்தான். சுவரைப் பார்த்தான். சாரத்தின் மேலே நின்ற அவளைப் பார்த்தான். மறுபடியும் சுவரைப் பார்த்தான்.

எல்லாவற்றுக்கும் கிண்டல் பண்ணுகிறவன். இன்று பண்ணவில்லை.

"நல்லாருக்குக்கா" என்றான். "அடில படத்துல இருக்கறவங்க பேரு எழுதணும். யாரு பேரு போட?"

அவள் இறங்கவில்லை. ஏற்கெனவே கழுவிவைத்த தூரிகையை எடுத்து மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.