நீங்க இல்லன்னா என்ன ஆகும்?

"அடக்கமாப் பேசுங்க. தலைக்கனம் பிடிச்சவனைத்தான் முதல்ல தூக்குவாங்க."

டெஸ்பாட்ச் மேனேஜர் கேன்டீன் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போகிற ஒவ்வொருவர் காதிலும் இதையே ஓதிக்கொண்டிருந்தார்.

அந்த அட்டைப்பெட்டி கம்பெனிக்குப் புது சி.இ.ஓ. அன்றுதான் பொறுப்பேற்று, எல்லோரையும் கேன்டீனுக்கு வரச் சொல்லியிருந்தார். ஆளைக் குறைக்கத்தான் வருகிறார் என்று கொஞ்ச நாளாகவே பேச்சு. மேனேஜருக்குப் பெண்ணும் பையனும் காலேஜில் படிக்கிறார்கள். தலை நரைத்த பிறகு வேறு எங்கே போய் வேலை தேடுவது?

"குறிப்பா நீ. வாயைத் திறந்தே, தொலைச்சுடுவேன்" என்றார் மெஷின் மெக்கானிக்கிடம்.

மெக்கானிக்குக்குக் கம்பெனியில் பெயர் 'பில்டப்'. ஒரு ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு வந்தால்கூட, மெஷினுக்கே உயிர் கொடுத்த மாதிரி அளந்துகொண்டிருப்பான். கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவனும் அவன்தான். யாரையாவது அனுப்புவதென்றால் இவனை அனுப்பட்டும் என்று எல்லோருமே உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

சி.இ.ஓ. வந்தார். டை இல்லை. சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். தன் அறை வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் காலையிலேயே கழற்றச் சொல்லிவிட்டாராம். டிரேயைத் தானே தூக்கி வந்து ஒவ்வொருவருக்கும் டீ கொடுத்தார். பேக்கிங் அக்காவுக்குக் கண் கலங்கியே விட்டது. பழைய சி.இ.ஓ. அவளைப் பார்த்து ஒரு நாள் சிரித்ததுகூடக் கிடையாது.

"இது கம்பெனி இல்ல, குடும்பம். நான் பேச வரல, கேட்க வந்திருக்கேன்" என்றார்.

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஒரே ஒரு கேள்வி. நீங்க ஒரு மாசம் வரலன்னா இங்க என்ன ஆகும்? மனசு விட்டுச் சொல்லுங்க."

பேக்கிங் அக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். "என் வேலைல என்ன சார் இருக்கு? யாரு வேணும்னாலும் செய்..."

"சார், அக்கா சும்மா சொல்றாங்க!" பில்டப் துள்ளி எழுந்தான். "இவங்க லீவு போட்ட அன்னிக்குத்தான் சார் ஒரு லாரி பெட்டி அடி பிரிஞ்சு திரும்பி வந்துச்சு. அக்கா இல்லன்னா கம்பெனி பேரு நாறிடும்."

அக்கா நெளிந்தாள். "மானத்தை வாங்கறானே" என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

"நீங்க?" என்றார் சி.இ.ஓ. அவனைப் பார்த்து.

"நானா? நான் ஒரு மாசம் வரலன்னா மெஷினை எல்லாம் பழைய இரும்புக்குத்தான் சார் போடணும்."

கேன்டீனே சிரித்தது. சி.இ.ஓ. மட்டும் சிரிக்கவில்லை. அவர் பார்வை மேனேஜரிடம் போனது.

மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார். "நான் இல்லன்னா ஒண்ணுமே ஆகாது சார். லாரி அது பாட்டுக்கு வரும், சரக்கு அது பாட்டுக்குப் போகும்."

"பொய் சார்!" மறுபடியும் பில்டப். "மழை நாள்ல தார்ப்பாய் சரியாக் கட்டலன்னா லாரியை கேட்டைத் தாண்ட விட மாட்டாரு. டிரைவர் சட்டையைப் பிடிச்சே சண்டை போட்டிருக்காரு. இவர் இல்லன்னா நாம அனுப்பறது பெட்டியா போய்ச் சேராது, ஊறிப்போன அட்டையாத்தான் போய்ச் சேரும்."

மேனேஜருக்குத் தலை சுற்றியது. சட்டையைப் பிடித்துச் சண்டையா! முதல் நாளே ரவுடிப் பட்டம் வாங்கிக் கொடுக்கிறானே, படுபாவி!

"சார், இவன் பேரே பில்டப். வாயைத் திறந்தா புளுகுதான். என் வேலையை ஒரு சின்னப் பையன்கூடச் செஞ்சுடுவான். என் பிள்ளைங்க மேல சத்தியம்!"

சி.இ.ஓ. எழுந்து வந்து அவர் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "உங்க அடக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

வெளியே வந்ததும் மேனேஜர் பில்டப்பைப் பிடித்துக்கொண்டார். "கெடுத்தியேடா! இந்த வாரமே உன் சீட்டு கிழியுது பாரு."

"சார், அந்தக் கேள்வி..." என்று அவன் ஆரம்பித்தான். கேட்க யாரும் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜருக்கு அழைப்பு வந்தது. பதவி உயர்வாக இருக்குமோ? தலையை வாரிக்கொண்டு போனார்.

சி.இ.ஓ. அன்றும் தானே டீ ஊற்றிக் கொடுத்தார். "உங்க போஸ்ட்டை எடுத்துடலாம்னு இருக்கேன்."

மேனேஜர் டம்ளரைக் கீழே வைத்தார். "சார்! இத்தனை வருஷ சர்வீஸ்..."

"நான் என்ன பண்ணட்டும்? நீங்க இல்லன்னா ஒண்ணுமே ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது... ஒரு மரியாதைக்குச் சொன்னது சார்."

"சத்தியம் வேற பண்ணினீங்களே! அந்த மெக்கானிக் சொன்னதைக் கேட்டு, பேக்கிங் அம்மாவை மாதிரியே உங்களையும் வெச்சுக்கலாம்னுதான் நினைச்சேன். நீங்கதான் அத்தனையும் புளுகுன்னு அடிச்சுச் சொல்லிட்டீங்க."

மேனேஜர் எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. மெஷின் பக்கத்தில் பில்டப் நின்றிருந்தான். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"உனக்கு மட்டும் எப்படிடா தெரிஞ்சுது?" என்றார் மேனேஜர்.

பில்டப் கையில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டான்.

"போன கம்பெனியிலயும் இப்படித்தான் சார், புதுசா வந்தவர் டீ குடுத்துட்டு இதே கேள்வியைக் கேட்டாரு. அப்ப நான் உங்களைவிட அடக்கமான ஆளு."